உமிச் செலவைக் கூட்டுவது ஈரம்

கேள்வி: 500 இறைச்சிக்கோழி வளர்க்கிறேன். மாரி தொடங்கினால் கொட்டிலில் உமி நின்று பிடிக்குதில்லை. ஒரு தொகுதிக்கு மூன்று தரம் மாற்றுகிறேன். கார்த்திகை, மார்கழியில் உமி கிடைப்பதே பெரும்பாடு. மரக்காலையில் மரத்தூள் சும்மா தருகிறார்கள்; போடலாமா? பழைய உமியைத் திரும்பவும் பாவிக்கலாமா?
– வாசகி, வவுணதீவு

பதில்: சகோதரி, 500 சதுர அடிக் கொட்டிலில் 3 அங்குலத் தடிப்பில் உமி பரப்ப ஏறக்குறைய 350 கிலோ போதும். குஞ்சு இறக்கும்போது பரப்பியது, இடையில் கொஞ்சம் மேலுமி தூவினால், விற்கும் நாள் வரை தாங்க வேண்டும். நீங்கள் மூன்று மடங்கு செலவழிப்பதற்குக் காரணம் ஈரம்.

ஐந்தாம் வாரத்தில் 500 கோழிகள் நாளுக்குச் சுமார் 75 கிலோ தீவனம் தின்னும். தண்ணீர் அதைப்போல இரு மடங்கு, 150 லீற்றர் அளவில் குடிக்கும். அதில் பெரும்பங்கு எச்சமாகவும் மூச்சாகவும் கொட்டிலுக்குள்ளேயே வெளியேறுகிறது. மாரியில் வாவிக்கரைக் காற்றிலும் ஈரம் கூடுதல் என்பதால் உமி தானாகக் காயாது. இதற்கு மேல் தண்ணீர்ப் பாத்திரமும் சிந்தினால் உமி கட்டிபட்டுவிடும். அமோனியா நெடி, பாதப்புண், இரத்தக் கழிச்சல் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

தினமும் காலையில் ஒரு பிடி உமியை இறுக்கிப் பொத்தித் திறந்து பாருங்கள். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது. தூசியாகப் பறந்தால் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது.

தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். கோழி வளர வளர உயர்த்துங்கள். நாளுக்கொரு தரம் உமியைக் கிளறுங்கள். கட்டிபட்ட இடத்தை மட்டும் வெட்டியெடுத்து அங்கே புது உமி போடுங்கள். முழுவதையும் அள்ள வேண்டாம். வாடைக்காற்றோடு சாரல் வரும் வடகிழக்குப் பக்கத்துக்குப் படங்கு கட்டுங்கள். ஆனால் மேலே ஓர் அடியாவது திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து முழுவதையும் மூடினால் ஈரமும் நெடியும் உள்ளேயே தங்கிவிடும்.

உமியை மாரியில் தேடாதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து ஆலைகள் மும்முரமாக ஓடும் மாசி, பங்குனியிலும், சிறுபோகம் முடியும் ஆவணியிலும் வாங்கிச் சேமியுங்கள். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொன்று உமி. ஆனால் நெல் அவிக்க ஆலைகளே அதை எரிப்பதால், தேவையை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மூட்டைகளை நிலத்தில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

மரத்தூள் சும்மா கிடைத்தாலும் நன்றாகக் காய்ந்த, பருமனான தூள் என்றால் மட்டும் எடுங்கள். ஈரத் தூளில் பூஞ்சணம் பிடித்தால் குஞ்சுகளின் நுரையீரலைத் தாக்கும். மருந்தடித்த மரத்தின் தூள் அறவே வேண்டாம். அதைவிட, இழைப்புளிச் சீவல் கிடைத்தால் உமியோடு கலந்து போடலாம். தும்புத்தூள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் மாரியில் காயாது.

பழைய உமியைத் திரும்பப் பாவிக்கலாம், முந்தைய தொகுதியில் நோய் வந்திருக்காவிட்டால் மட்டும். கட்டிகளை அகற்றி, மீதியைக் குவித்து மூடி வையுங்கள். உள்ளே நன்றாகச் சூடேறித் தணிந்த பிறகு பரப்பி உலர்த்துங்கள். குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுக்கும் இடத்தில் மட்டும் கட்டாயம் புது உமி. நோய் வந்திருந்தால் முழுவதையும் அப்புறப்படுத்தி, வெறும் தரைக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள்.

கழித்த உமியும் காசுதான். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது கோழி எருவின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்து மணல் தோட்டங்களுக்கு எரு எப்போதும் வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் பயிர் கருகும். மக்கவைத்துக் கொடுத்தால் வாங்கியவர் திரும்பவும் வருவார். அந்த வரும்படியை ஒதுக்கி வைத்து அடுத்த மாசியில் உமி வாங்குங்கள். மாரிக்குக் கடன்பட வேண்டி வராது.