பழைய படத் தபால் அட்டை சேகரிப்போருக்கு

சென்னை ஹைகோர்ட்டு, மவுண்ட் ரோடு, மூர் மார்க்கெட்டு முதலிய காட்சிகளைத் தாங்கி, ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன் பிரசுரித்த தபால் அட்டைகளை வாங்க விரும்புவோர், படத்தின் வசீகரத்தில் மயங்கிவிடாமல், முதற்கண் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது உத்தமம். அப்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே ஒதுக்கப்பட்டு, க்ஷேம சமாசாரமெல்லாம் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தால், அது நடுக்கோடு போட்ட அட்டைகள் வழக்கத்துக்கு வருவதற்கு முந்திய ரகம். பிரிட்டன் அக்கோட்டை 1902-லும் அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. தபால் முத்திரையின் தேதியோ அட்டை அனுப்பப்பட்ட நாளைத்தான் காட்டுமேயன்றி, படம் பிடித்த காலத்தைக் காட்டாது. அதற்குக் கட்டடங்களே சாட்சி: 1892-இல் திறக்கப்பட்ட ஹைகோர்ட்டின் கோபுரங்கள் தெரிந்தால், படம் அதற்குப் பிற்பட்டதென்று நிச்சயிக்கலாம்.

பூதக்கண்ணாடியில் நுண்புள்ளிகள் வரிசை வரிசையாகத் தென்பட்டால் அது அச்சுப்படம். புள்ளியின்றி நிழலும் ஒளியும் இழைந்திருந்தால் அசல் புகைப்படமாக இருக்கக்கூடும். தபால்தலையை நீராவி காட்டிப் பிரிப்பது (சிலர் செய்கிறார்கள்!) அட்டையின் சரித்திரத்தையே சிதைப்பதாகும். பசையும் ஒட்டுநாடாவும் ஆகா. பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்துக் கெடுக்கும், பாலிப்ரொப்பிலீன் உறையே நலம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு அஞ்சி, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். வாங்கிய விலையையும் தேதியையும் தனி நோட்டில் எழுதுங்கள், அட்டையின் மேல் அல்ல.