எடை எவ்வளவு, டீச்சர்?

ஒன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் அதிகமாகி வலிப்பு வந்துவிட்டது. 108-இல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அவசரப் பிரிவில் செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "எடை எவ்வளவு, டீச்சர்?" பிறந்த தேதி நினைவிலிருந்தது, எடை தெரியவில்லை. குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகளைக் கிலோ கணக்கில்தான் கொடுக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்பில் இதையே விகிதக் கணக்காகக் கொடுத்தேன். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு அதிகபட்சம் 15 மி.கி. என்றால், 20 கிலோ குழந்தைக்கு 300 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் 12.5 மி.லி. வேண்டும், 250 மி.கி. உள்ள சிரப் 6 மி.லி. போதும். பாட்டில் மாறியது தெரியாமல் அதே 12.5 மி.லி. ஊற்றினால்? 625 மி.கி., இரு மடங்குக்கும் மேல். (கணக்குப் போடுவதுதான் நம் வேலை, மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர்.)

"எங்க வீட்ல ஒரு மூடின்னுதான் ஊத்துவாங்க டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. அந்த மூடி எத்தனை மி.லி. பிடிக்கும் என்று அளந்து வரச் சொன்னேன். ஆளுக்கொரு விடை வந்தது.

இப்போது பருவந்தோறும் எடை பார்த்து, வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைக்கிறேன். எந்த மருந்து ஒவ்வாது என்பதும் அதிலேயே இருக்கும். மருத்துவமனைக்குப் புறப்படும்போது பெற்றோரிடம் போனில் இரண்டு கேள்விகள்: காலையில் என்ன மருந்து கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு? பாட்டிலையும் கையோடு எடுத்துவரச் சொல்லிவிடுகிறேன்.