பால் கணக்கு நோட்டில் 17 நாட்கள்

என் தாயாருக்கு 68ஆவது வயதில் இடது மார்பில் ஒரு கட்டி தென்பட்டதும், அதை நெறிகட்டியென்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு மாத காலம் ஒருவரிடமும் வாய் திறவாமல் இருந்துவிட்டதும், பிறகு தஞ்சாவூரில் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் அது புற்றுநோய் என்று வெளிப்பட்டதும் ஆகிய இவை யாவற்றையும்விட என் நெஞ்சை அதிகம் கலக்கியது, அந்த முடிவு கைக்கு வந்த நாளுக்கும், இன்ன சிகிச்சை இன்ன தேதியில் என்று வைத்தியர்கள் நிச்சயித்துச் சொன்ன நாளுக்கும் நடுவே கிடந்த 17 நாட்கள்தாம்.

வியாதி இருக்கிறதென்று தெரிந்த பிறகும் ஏன் வெறுமனே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முதல் வாரம் எனக்கு மூண்ட கோபம் கொஞ்சநஞ்சமன்று. காரணம் பின்னால்தான் விளங்கிற்று. மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே வியாதியன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களை அந்தக் கட்டி ஏற்கிறதா, ஹெர்-2 என்னும் புரதம் அதில் மிகுந்திருக்கிறதா என்பதை அறிந்த பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். ஹெர்-2 சோதனையில் 2+ என்று வந்துவிட்டால் ஆம் என்றும் சொல்லலாகாது, இல்லை என்றும் சொல்லலாகாது. ஃபிஷ் என்ற மற்றொரு பரிசோதனைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. அதன் பிறகு அறுவைச் சிகிச்சை நிபுணரும், கதிர்வீச்சு நிபுணரும், மருந்துச் சிகிச்சை நிபுணரும் ஒன்றாகக் கூடி, கத்தி முதலா, கீமோ முதலா என்று ஆலோசித்தாக வேண்டும். இவ்வளவும் நடக்கும் காலத்தைக் காலவிளம்பம் என்று எண்ணியது என் அறியாமை.

வீணே கழிந்த நாட்களும் உண்டு. அவற்றுக்கு நானும் பொறுப்பாளி. முதலில் பரிசோதித்த கூடத்தில் தந்த தாளை மட்டும் வாங்கிக்கொண்டு நான் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டேன். சதைத்துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்'கும், கண்ணாடித் தகடுகளும் நோயாளியின் உடைமை போன்றவை என்பதோ, வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்குள்ளவர்கள் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள் என்பதோ எனக்குத் தெரியாது, கூடத்தாரும் சொல்லவில்லை. அவற்றை வாங்கிவரத் தஞ்சாவூருக்குத் திரும்பியதில் நான்கு நாட்கள் போயின. ஸ்கேன் எடுத்த இடத்தில் தாளோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி வையுங்கள். ரயிலில் போகிறவர்கள், புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்பதை நினைவில் கொண்டு, அதற்கான படிவத்தில் டாக்டரின் கையொப்பத்தை முதல் தடவையே பெற்றுவிடுங்கள்.

பெட் ஸ்கேன் எடுப்பதற்கு முன்னர் ஆறு மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொன்னார்கள். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசி வழியே செலுத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசாமல் படுக்க வைத்தார்கள். அன்று முழுவதும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அருகே வரலாகாதென்று வெளியே வரும்போதுதான் தெரிந்தது. நாங்கள் தங்கியிருந்ததோ என் தங்கை வீட்டில். அங்கே அவள் மகளின் எட்டு மாதக் குழந்தை கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த ஒரு நாளைக்கு வேறு ஏற்பாடு செய்திருப்பேன்.

இனி, நான் செய்த பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நீர்க்கட்டி என்றே சொல்லி வைத்திருந்தோம். நாங்கள் போனதோ, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிவைத்த புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. வாசல் பலகையைப் படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டியிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? மன்னை எக்ஸ்பிரஸ் கும்பகோணத்தைத் தாண்டியதும், போர்வையை விலக்காமலே அம்மா கேட்டார்: "தம்பி, நீர்க்கட்டிக்கு எதுக்குப்பா மெட்ராஸ் போறோம்? எனக்குத் தெரியும். நீங்கள்லாம் மறைக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு." கீழ்ப்படுக்கையில் அவர் காலடியில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். விழுப்புரம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

பார்க்க வந்த பந்துக்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை; ஆயினும் ஊசி குத்தியதால் கட்டி பரவிவிடும் என்று ஒருவரும், முள்சீத்தா இலைக் கஷாயமே போதும் என்று மற்றொருவரும், பாலையும் சர்க்கரையையும் அடியோடு நிறுத்து என்று வேறொருவரும் சொன்ன யோசனைகளுக்குச் செவிசாய்த்துப் பத்தே நாட்களில் அம்மா இரண்டு கிலோ இளைத்துப் போனார். டாக்டர் கண்டித்த பிறகுதான் முட்டையும் பருப்பும் இலைக்கு மீண்டன. கீமோவைத் தாங்க உடம்பில் சக்தி வேண்டும். அதைச் சேர்த்துக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் இந்தக் காத்திருக்கும் நாட்களே.

அம்மாவின் பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில்தான் நான் சோதனைகளையும் தேதிகளையும், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் குறித்துவந்தேன். 17ஆம் நாள், முதலில் கீமோ, பிறகு அறுவை என்று முடிவாயிற்று. என் கேள்விகள் தீர்ந்ததும் நோட்டை மூடப் போனேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பென்சிலால் அவர் கைப்பட எழுதிய ஒரே வரி இருந்தது: 'பொங்கலுக்கு ஊரில் இருக்கலாமா?' நான் எழுதிய கேள்விகள் பதினொன்று. அவற்றில் இது இல்லை. டாக்டர் நாட்காட்டியைப் பார்த்து, இரண்டாம் கீமோவின் தேதியை ஐந்து நாள் தள்ளிவைத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு நோட்டு இருக்குமானால், அதில் ஒரு பக்கத்தை நோயாளிக்கென்று விட்டுவையுங்கள். டாக்டரின் அறையிலிருந்து எழுந்திருப்பதற்கு முன் அந்தப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.