பல் டாக்டரிடம் போகாததற்கு எதற்கு ஃபீஸ்?

ரூட் கெனால் இரண்டாவது சிட்டிங்குக்குப் போக முடியவில்லை. அடுத்த வாரம் போனால், வராததற்கு 500 ரூபாய் என்று பில்லில் சேர்த்திருக்கிறார்கள். செய்யாத வேலைக்குக் காசு வாங்கும் பழக்கத்தை யார் ஆரம்பித்துவைத்தது?
– ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பாட்டு வாத்தியார்களைத்தான் கேட்க வேண்டும். மாணவி வந்தாலும் வராவிட்டாலும் வகுப்புக்குச் சம்பளம் உண்டு என்பது அந்தக் கால வியன்னாவில் பெரிய வீடுகள் ஏற்றுக்கொண்டிருந்த வழக்கம். மொழி சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் அப்படியே. இதை உதாரணம் காட்டி, மருத்துவத்துக்கும் அதுவே நியாயம் என்று எழுதிவைத்தவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். மனநோய்ச் சிகிச்சையைத் தொடங்குவது பற்றி 1913-ல் எழுதிய கட்டுரையில், தன் நாளின் ஒரு மணி நேரத்தை ஒவ்வொருவருக்கும் குத்தகைக்கு விடுவதாகச் சொல்கிறார். உபயோகப்படுத்தாவிட்டாலும் குத்தகைப் பணம் வந்தாக வேண்டும். தாராளம் காட்டினால் 'இன்றைக்கு வர முடியவில்லை' என்பவர்கள் பெருகிவிடுவார்கள். கறாராக இருந்தால் திடீர்த் தடங்கல்களெல்லாம் மாயமாகிவிடும் என்பது அவருடைய அனுபவம்.

பல் டாக்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தக் காரணம் அந்த நாற்காலி. ஜுரத்துக்குப் பார்க்கிற டாக்டர், 14-ஆம் டோக்கன் வராவிட்டால் 15-ஐக் கூப்பிட்டுவிடுவார். ரூட் கெனாலுக்கோ முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் கால் மணி நேரம் இருந்து வந்த கருவிகள் உறை பிரிக்காமல் ட்ரேயில் கிடக்க, அசிஸ்டென்ட் சும்மா நிற்பார். நாற்காலி காலி.

உங்களுக்கும் நஷ்டம் உண்டு. முதல் சிட்டிங்கில் வைக்கிற தற்காலிக அடைப்பு நாள்பட்டுத் தாங்காது. அது பெயர்ந்தால் எச்சிலோடு கிருமியும் உள்ளே இறங்கி, சுத்தம் செய்த வேரை மறுபடி சுத்தம் செய்யவேண்டி வரும்.

எய்ம்ஸில் பல்லைக் காட்ட ஆன்லைனில் நாள் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். யாரும் ஃபைன் போடவில்லையே?
– ஒரு வாசகர், முனிர்கா

போட மாட்டார்கள். 10 ரூபாய் ஓபிடி கார்டு கட்டணத்தையே 2022 நவம்பரில் எடுத்துவிட்ட ஆஸ்பத்திரி அது. மேலும், அரசு மருத்துவமனையில் காத்திருக்கிறவர் டாக்டர் இல்லை, நோயாளி. ஒருவர் வராவிட்டால் வரிசை ஓர் அடி முன்னால் நகரும், அவ்வளவுதான். 1952-ல் இங்கிலாந்தின் ஆஸ்பத்திரி வரிசைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்த நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரு வழி சொன்னார்: ஆரம்பத்தில் இரண்டு பேரை வரச்சொல், பிறகு, ஒருவரைப் பார்க்கச் சராசரியாக ஆகும் நேரத்துக்கு ஒருவராக வரவழை. முதல் ஆள் வராவிட்டாலும் டாக்டர் சும்மா உட்கார வேண்டாம், மற்றவர்களும் காலையிலேயே வந்து குவிய வேண்டாம். இந்தியாவில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வீட்டிலிருந்தே நாள் குறிக்கும் ஓஆர்எஸ் தளம் 2015-ல்தான் வந்தது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் பல் டாக்டர்கள் வராதவர்களிடம் கட்டணம் வாங்க முடிந்தது. 2006-ல் வந்த புதிய ஒப்பந்தம் அதை நிறுத்தியது. பிரான்ஸ் எதிர்த் திசையில் யோசித்தது. டாக்டரிடம் சொல்லாமல் கொள்ளாமல் வராதவர்களுக்கு 5 யூரோ விதிக்கும் திட்டத்தை 2024-ல் அந்நாட்டுப் பிரதமரே அறிவித்தார்.

அப்படியானால் தனியார் கிளினிக் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமா?
– ஒரு வாசகர், கரோல் பாக்

முடியாது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தவறினால் இவ்வளவு என்று முன்னாலேயே பேசியிருந்தாலும், அந்தத் தொகைக்குள் நியாயமான ஈடு மட்டும்தான் கிடைக்கும். இதற்குப் பேர்போன வழக்கு உங்கள் ஊருடையதுதான். டெல்லி பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை 1982-ல் கைலாஷ்நாத் நிறுவனம் 3.12 கோடிக்கு ஏலம் எடுத்து 78 லட்சம் முன்பணம் கட்டியது. பாக்கித் தொகை விவகாரம் இழுத்தடித்ததில், மனையை ஏலம் விட்ட டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) ஒதுக்கீட்டை ரத்து செய்து முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே இல்லாதவருக்கு ஈடு எதற்கு என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 78 லட்சத்தை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தரச் சொல்லி 2015-ல் தீர்ப்பளித்தது.

நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத அபராதம் போடும் ஒப்பந்தத்தை 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நியாயமற்றது என்கிறது. ஆகவே கிளினிக்கில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஃபீஸைப் பற்றி முன்கூட்டியே சொன்னீர்களா? அந்த நேரத்தில் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தார்களா? முதலாவதுக்கு 'ஆமாம்', இரண்டாவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், 500 ரூபாயைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.