தொண்டும் தொழிற்பற்றும்

ஆசிரியர் தம் தொழிலை விருப்பத்தோடு செய்தல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விருப்பம் வரம்பு கடந்து பற்றாய் முறுகுமாயின், செய்வானையும் அவன்பாற் கற்கும் மாணாக்கரையும் ஒருங்கே கெடுக்கும் என்பதோ பலருஞ் சிந்தியாதது. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

தொழிற்பற்றாவது யாது? சோம்பலின்றி உழைத்தல் பற்றன்று. தொழிலை விடவேண்டிய வேளையில் விடமாட்டாமையே பற்றாம். அமெரிக்க தேசத்துக் கிறித்தவ போதகரும் உளநூல் வல்லவருமாகிய வேய்ன் ஓட்ஸ் என்பவர், 1971ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதனைக் குடிவெறியோடு ஒப்பிட்டார். கூறியவர் பிறசமயத்தவராயினும் ஒப்புமை பொருத்தமுடையதே. குடியன் மதுவைத் தான் ஆள்வதாக எண்ணுவான். மதுவே அவனை ஆள்வது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. குடி இகழ்ச்சியைத் தரும். மிகையுழைப்போ புகழைத் தரும். ஆகலின் இந்நோய் அறிதற்கு அரியதாயிற்று.

இதன் குறிகள் நான்கு. உண்ணும்போதும் உறங்கும்போதும் பாடசாலைக் கருமமே நெஞ்சில் நிற்றல் ஒன்று. ஓய்வுநாளிலே காரணமின்றிச் சினமும் நிலைகொள்ளாமையும் உண்டாதல் ஒன்று. அநுட்டானமும் ஆலய வழிபாடும் குடும்பக் கடமையும் நேரமின்மையைக் காரணங்காட்டிக் கைவிடப்படுதல் ஒன்று. தம் வகுப்பைப் பிறரொருவர் செவ்வனே நடத்தக் கண்டு மகிழாது மனம் புழுங்குதல் ஒன்று. இவற்றுள் ஈற்றினின்றதே நோயின் வேரைக் காட்டுவது. என்னை? மாணாக்கர் நலமே நோக்கமாயின், அந்நலம் யாவராற் கிடைப்பினும் மகிழ்ச்சியன்றோ உண்டாதல் வேண்டும்? புழுக்கம் உண்டாயின், ஆங்கு நிற்பது தொண்டன்று. யான் எனது என்னும் செருக்கேயாம்.

இதனால் விளையுங் கேடு சிறிதன்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டு, விடியலினும் மாலையினும் ஓய்வுநாட்களினும் சிறுபிள்ளைகளை வகுப்பில் இருத்துகின்ற ஆசிரியர், அவர்தம் விளையாட்டையும் உறக்கத்தையும் பறிப்பது பிள்ளையின் பொருட்டோ, தம் பெயரின் பொருட்டோ என்று தம்மைத் தாமே வினாவுதல் வேண்டும். உடற்கேடும் உண்டு. கிழமைக்கு 35 முதல் 40 மணிநேரம் உழைப்பாரினும், 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைப்பார்க்குப் பாரிசவாதம் வருதற்குரிய ஏது 35 வீதமும், இருதய நோயால் இறத்தற்குரிய ஏது 17 வீதமும் மிகும் என்று, உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் 2021ஆம் ஆண்டு வெளியிட்டன.

இனி, நீங்கும் வழி யாது? தொழிலைத் துறத்தல் வழியன்று. திருநாவுக்கரசு நாயனார் திருப்புகலூரிலே உழவாரப்பணி செய்யும்போது பொன்னும் மணியும் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பவே கருதி வாவியில் எறிந்தனர், உழவாரத்தை எறிந்திலர். விடத்தக்கது பயனின்மேற் பற்று, விடத்தகாதது பணி. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலை மலநீக்கத்துக்கு வாயிலாகக் கூறியதும் இக்கருத்தே பற்றியதாம்.

இதனை நாடோறும் பழகுதல் வேண்டும். வகுப்புத் தொடங்குமுன் அன்றைய பணியைச் சிவபெருமானுக்கு உரியதென நினைக்க. முடிந்தபின் அதன் பயனை அவன் திருவடியில் வைத்து, புத்தகத்தை மூடுக. பாடசாலைக் கருமங்களை நிறுத்துதற்கு மாலையிலே ஒரு நேரம் வரையறுத்து, அதனை மீறாதொழிக. தாம் ஒருவரே செய்துவருங் கருமம் ஒன்றை இளைய ஆசிரியரொருவருக்குப் பயிற்றி ஒப்புவிக்க. அவர் அதனை வேறுவகையாகச் செய்யினும் பொறுக்க. இவ்வொன்றே செய்தற்கு மிக அரியது, மருந்தும் இதுவே.

ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலை, 1879ஆம் ஆண்டு அவர் சிவபதமடைந்தபின்னும் பிறர் கையில் நடந்தது. நாம் இல்லாவிடின் நடவாத பள்ளிக்கூடம் நம் பெருமைக்குச் சான்றன்று. நாம் ஒருவரையும் ஆயத்தஞ்செய்யாமைக்கே சான்றாம். ஆசிரியர்காள்! பணி சிவனுடையது, நாம் அதனைச் சிறிதுகாலம் தாங்குவோர். மாலையிலே அதனை இறக்கிவைக்க வல்லவரே காலையிலே அதனை நன்கு எடுக்க வல்லவராவர்.