படகு இருக்கைக்குச் சுருக்கமில்லாமல் வினைல் போட: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒன்டாரியோவில் அக்டோபர் வந்துவிட்டால் படகுகள் கரையேறிவிடும். சிம்கோ ஏரியிலும் கவார்த்தா ஏரிகளிலும் கோடை முழுக்க ஓடிய சிறிய ஃபைபர்கிளாஸ் படகுகள், மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வரை உறை போர்த்தி முற்றத்தில் நிற்கும். வெயிலில் வெடித்த இருக்கைகளைக் கழற்றி கராஜுக்குக் கொண்டுவந்து, நாமே தைத்துப் போட்டால் என்ன என்ற எண்ணம் அந்த மாதங்களில்தான் வரும். நல்ல எண்ணம். பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஒரே பயம், சுருக்கம். கடைசியில் ஸ்டேப்ளர் கன்னைப் பிடித்துக்கொண்டு பலம் உள்ள மட்டும் இழுத்தால் அது போய்விடும் என்று நம்புகிறார்கள். இழுப்புக்கு அவ்வளவு சக்தி கிடையாது. ஃபோமை எந்த அளவில் வெட்டினீர்கள், பேட்டர்னை எதிலிருந்து எடுத்தீர்கள், வளைவில் தையலை எப்படித் திருப்பினீர்கள் என்பதிலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ளவற்றில் இழுப்பதைப் பற்றிய பேச்சு பின்னால்தான் வரும்.

பிரிக்கும் முன்

செய்யுங்கள்: தட்டையான, நாலு மூலை உள்ள ஒரு சீட்டை முதலில் எடுங்கள். ஓட்டுநர் இருக்கை, இரண்டு பக்கமும் புடைத்து நடுவில் குழிந்து இருக்கும், அது கடைசி.

செய்யுங்கள்: படகில் இருக்கைகள் பெரும்பாலும் இடம், வலம் என்று ஜோடியாக இருக்கும். இடப்பக்கத்தைப் பிரிக்கும்போது வலப்பக்கத்தை அப்படியே விட்டுவையுங்கள். மூலையை எந்தப் பக்கமாக மடித்திருக்கிறார்கள், தையல் எந்த இடத்தில் திரும்புகிறது என்ற சந்தேகம் வரும்போது பதில் சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும். கைபேசிப் படங்களும் உதவும். ஆனால் விரலால் தடவிப் பார்க்க முடிகிற மாதிரிக்கு ஈடாகாது.

செய்யுங்கள்: தையலைப் பிரிப்பதற்கு முன்பே, சேர்ந்திருக்கும் இரண்டு துண்டுகளிலும் நாலு அங்குலத்துக்கு ஒரு முறை குறுக்காகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மேல், முன், இடம் என்று எழுதுங்கள். இந்தக் கோடுகளைப் புதுத் துண்டுகளுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்; தைக்கும்போது அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் தையல் சரியாகப் போகிறது என்று பொருள்.

செய்யாதீர்கள்: பழைய உறையை அப்படியே வரைந்து வெட்டாதீர்கள். வினைலின் மூலப்பொருளான பி.வி.சி. தனியாக விறைப்பான பொருள். அதை இளக்கித் துணிபோல வளைய வைக்கும் வழியை 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் கண்டுபிடித்தார். அந்த இளக்கும் பொருள் வெயிலிலும் வெப்பத்திலும் ஆண்டுகள் போகப் போகக் கசிந்து வெளியேறிவிடும். அப்போது வினைல் விறைத்து, சுருங்கி, தையல் ஓரமாக வெடிக்கும். மேலே உட்கார்ந்து எழுந்த இடமோ தொய்ந்து நீண்டிருக்கும். ஒரே உறையில் ஓர் இடம் சுருங்கியும் இன்னோர் இடம் நீண்டும் இருப்பதால், அது வடிவத்துக்கு மட்டுமே சாட்சி. நீள அகலத்தை அடிப்பலகையிலிருந்தும் புது ஃபோமிலிருந்தும் எடுங்கள்.

அடிப்பலகை

செய்யுங்கள்: குத்தூசியால் பலகையைக் குத்திப் பாருங்கள். ஊசி எளிதாக இறங்கினால் பலகை உளுத்துவிட்டது; ஸ்டேப்ளர் பின் அதில் நிற்காது. புதிதாக 12 மி.மீ. மெரைன் பிளைவுட் வெட்டி, மேல் விளிம்பை உப்புக் காகிதத்தால் உருட்டி, வெட்டிய ஓரங்களுக்கு எபாக்ஸி பூசுங்கள். தண்ணீர் வடியச் சில துளைகளும் வேண்டும்.

செய்யாதீர்கள்: கரையான் அண்டாமல் இருக்க மருந்தேற்றிய பலகையை இதற்கு எடுக்காதீர்கள். அதிலுள்ள செம்புச் சேர்மங்கள் சாதாரண எஃகுப் பின்களை அரித்துவிடும்.

ஃபோம்

என்னைக் கேட்டால் பணத்தைச் செலவிட வேண்டிய முதல் இடம் இதுதான். விலை உயர்ந்த வினைலை வாங்கிவிட்டுப் பழைய ஃபோமின்மேலேயே போர்த்துகிறவர்கள் உண்டு. ஒரே கோடையில் மேல்புறம் அலையலையாகிவிடும்.

செய்யுங்கள்: அடர்த்தி கனமீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத, அழுத்தினால் கெட்டியாக எதிர்க்கிற ஃபோமாகப் பார்த்து வாங்குங்கள். மென்மையான ஃபோம் கடையில் கைக்குச் சுகமாக இருக்கும். ஆள் உட்கார்ந்து எழுந்ததும் வினைலைத் திரும்பத் தூக்கிப் பிடிக்க அதனால் முடியாது. படகு எப்போதும் நனையக்கூடியது என்றால், தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வழிந்துவிடும் கண்ணறை ஃபோம் இருக்கிறது. விலை அதிகம், ஆனால் காய்ந்துவிடும்.

செய்யுங்கள்: உறையைவிட ஃபோம் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பெட்டி வடிவ மெத்தை என்றால் நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். பலகையின்மேல் ஒட்டும் சீட் என்றால் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். உள்ளே அழுந்தியிருக்கும் ஃபோம் எல்லாத் திசையிலும் உறையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுருக்கத்தை ஆண்டுக்கணக்கில் தடுப்பது இந்தத் தள்ளல்தான்.

செய்யுங்கள்: சமையலறையில் ரொட்டி அறுக்கும் மின்கத்தியால் ஃபோமை வெட்டுங்கள். கத்தி நேராகச் செங்குத்தாக இறங்க வேண்டும். ஓரம் சாய்ந்துபோனால் தையல் கோடும் சாயும்.

செய்யுங்கள்: ஃபோமின்மேல் அரை அங்குலப் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பைப் போர்த்துங்கள். சின்னச் சின்னப் பள்ளங்களை அது நிரவிவிடும். வினைலும் ஃபோமைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி நகரும்.

துணி, நூல், ஊசி

நம் ஊர் குஷன் கடைகளில் ரெக்சின் என்று கேட்டால் கிடைப்பது சோபாவுக்கும் ஆட்டோ சீட்டுக்கும் போதும். படகுக்கு மெரைன் வினைல் என்றே கேட்டு வாங்க வேண்டும். அதில் புற ஊதாக் கதிரையும் பூஞ்சையையும் தாங்கும் மருந்து கலந்திருக்கும். பின்பக்கம், தண்ணீரில் மக்காத பாலியஸ்டர் பின்னல் துணி இருக்கும். பருத்தித் துணி ஒட்டிய வினைல் ஈரத்தைக் குடித்து உள்ளேயே மக்கிப்போகும்.

செய்யுங்கள்: வாங்கும்போது ஓரத்தைப் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக நீளும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டினால்தான் இழுக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி ஒத்துழைக்கும். சுருளின் அகலம் வழக்கமாக 54 அங்குலம். காகிதத்தில் துண்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செய்யுங்கள்: வெயில் தாங்கும் பாண்டட் பாலியஸ்டர் நூல், 92 எண், அதற்கு 18 அல்லது 20 எண் ஊசி. வினைல் நன்றாக இருக்கும்போதே நூல் அறுந்து திறந்துகொண்ட படகு இருக்கைகள் ஏராளம்.

செய்யாதீர்கள்: பருத்தி நூல் மக்கும், நைலான் நூல் வெயிலில் வலுவிழக்கும். இரண்டும் வேண்டாம். வினைலை மடித்து வைக்கவும் வேண்டாம். குளிரில் மடிந்த கோடு லேசில் போகாது. சுருட்டியே வையுங்கள்.

வெட்டுவதும் தைப்பதும்

செய்யாதீர்கள்: பால்பாயிண்ட் பேனாவாலோ மார்க்கராலோ கோடு போடாதீர்கள். பின்பக்கம்தானே என்று தோன்றும். மை வினைலுக்குள் ஊறி, சில மாதம் கழித்து முன்பக்கம் எட்டிப் பார்க்கும். தையற்காரர் சாக்குக்கட்டியோ பென்சிலோ போதும்.

செய்யாதீர்கள்: குண்டூசி குத்தாதீர்கள். வினைலில் விழுந்த துளை மூடாது. தண்ணீருக்கு அது வாசல். துணியைப் பிடிக்கிற கிளிப்புகளும் இரட்டைப்பக்க ஒட்டு நாடாவும் அந்த வேலையைச் செய்யும். அதே காரணத்துக்காக, தவறாகப் போன தையலைப் பிரித்து அதே கோட்டில் மறுபடி தைக்கக்கூடாது. துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம்போல அந்த இடம் கிழிந்துவரும். தையல் நீளத்தையும் 4 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள்.

செய்யுங்கள்: மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் தையல் இயந்திரம் கிடைக்குமா என்று பாருங்கள். சாதாரண வீட்டு இயந்திரத்தில் கீழே உள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்கும். மேல்துணி பாதத்தில் ஒட்டிப் பின்தங்கும். ஒரு கெஜம் தைத்து முடிப்பதற்குள் மேல்துண்டு நீண்டு மிஞ்சும். தையல் ஓரமாகப் பொடிப்பொடியாக விழும் சுருக்கம் பலவும் இதனால் வருவதுதான். வீட்டு இயந்திரம்தான் இருக்கிறது என்றால் டெஃப்லான் பாதம் மாட்டி, போட்டுவைத்த குறுக்குக் கோடுகள் சேர்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிதானமாகத் தையுங்கள். இரண்டு அடுக்கு வரை அது தாங்கும். நாலு அடுக்கு சேரும் மூலையில் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

செய்யுங்கள்: தைத்த பிறகு வளைவுகளில் தையல் விளிம்பை வெட்டிவிடுங்கள். வெளிப்பக்கம் வளையும் இடத்தில் மிஞ்சும் துணி உள்ளே குவியும். அங்கே முக்கோணமாக எடுத்துவிட வேண்டும். உட்பக்கம் வளையும் இடத்தில் துணி போதாமல் இழுக்கும்; அங்கே நேர்கோடாகக் கீறினால் போதும். இரண்டிலும் தையலுக்கு 3 மி.மீ. முன்பே கத்தரியை நிறுத்துங்கள்.

அலங்கார மேல்தையலை ஆள் உட்காரும் தளத்தின் நடுவில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் ஊசித்துளை வரிசை எதற்கு? பக்கவாட்டில் போட்டால் அழகும் கெடாது, ஃபோமும் நனையாது.

போர்த்துவது

செய்யுங்கள்: வினைலைச் சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குளிரடித்த கராஜில் அது அட்டைபோல விறைத்து நிற்கும். முதல்நாள் இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வெயில் நாளில் அரைமணி நேரம் வெளியே விரித்தாலே போதும்; எந்தக் கருவியும் அந்த அளவு சீராகச் சூடாக்காது.

செய்யுங்கள்: பெட்டி வடிவ மெத்தையில் பெரிய ஃபோமைச் சின்ன உறைக்குள் திணிப்பதற்கு ஒரு வழி உண்டு. ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சுங்கள். ஃபோம் ஒடுங்கிவிடும். உறைக்குள் நுழைத்து மூலைகளைச் சரிசெய்த பிறகு காற்றை விடுங்கள். தானாக விரிந்து மூலை வரை நிரப்பும். பிளாஸ்டிக்கை உருவி எடுத்துவிடுங்கள். உள்ளே விட்டால் ஈரம் அடைபடும்.

செய்யுங்கள்: பலகையில் அடிக்கும் சீட்டுக்கு, நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின்னாக முதலில் அடியுங்கள். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறிப் போங்கள். மூலைக்கு மூன்று அங்குலம் இருக்கும்போது நிறுத்திவிட்டு, சீட்டைத் திருப்பி முன்பக்கம் பாருங்கள். முதல் சுற்றுப் பின்கள் முழுதாக இறங்க வேண்டாம். அவை பிடுங்குவதற்காகவே அடிப்பவை. பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, பலகையைத் துளைத்துக்கொண்டு வராத 10 மி.மீ. காலுடன் இருக்கட்டும்.

செய்யாதீர்கள்: விரல்நுனியால் ஒரே புள்ளியில் இழுக்காதீர்கள். ஒவ்வொரு பின்னுக்கும் நேராகப் பள்ளம் விழுந்து ஓரம் அலைபோலத் தெரியும். உள்ளங்கையை விரித்து வைத்து, துணியை ஓரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பிடியுங்கள்.

செய்யாதீர்கள்: குழிவான முதுகு இருக்கையில் விளிம்புக்கு விளிம்பு இழுத்துப் பிடிக்காதீர்கள். குழியைத் தொடாமல் துணி அந்தரத்தில் நிற்கும். ஆள் சாய்ந்ததும் சுருங்கும். வினைலின் பின்னால் மெல்லிய ஃபோம் ஒன்றை வைத்துத் தைத்து, அந்த ஃபோமைக் குழியின் ஃபோமோடு பசையால் ஒட்டி, அங்கிருந்து வெளிப்பக்கமாக வேலை செய்யுங்கள். பசை ஆவி எளிதில் தீப்பற்றும். கராஜில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருந்தால் இந்த ஒரு வேலையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யாதீர்கள்: ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். வினைலின் வரிவரியான மேற்பரப்பு உருகிப் பளபளத்துவிடும். அந்தப் பளபளப்பைப் போக்க வழியில்லை. கருகினால் வரும் புகையும் நுரையீரலுக்குக் கெடுதி. கை பழகும் வரை தலைமுடி உலர்த்தியே போதும். சூடாக இருக்கும்போது இழுத்து, ஆறும் வரை பிடித்திருங்கள்.

சுருக்கம் வந்துவிட்டால்

உடனே இழுக்காதீர்கள். எந்தத் திசையில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

தையலுக்கு இணையாக நீளமாக ஓடினால் உறை பெரிது அல்லது ஃபோம் சிறிது. பஞ்சு விரிப்பு இன்னோர் அடுக்கு போட்டால் பெரும்பாலும் சரியாகும். மூலையிலிருந்து விசிறிபோலக் கிளம்பினால், உள்ளே தையல் விளிம்பு குவிந்திருக்கிறது, திருப்பிப்போட்டு வெட்டிவிடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக ஓடினால் உறை பலகையின்மேல் திரும்பிக்கொண்டது. ஒரு பக்கத்துப் பின்களை முழுக்கப் பிடுங்கிவிட்டு நடுவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இந்த வகைச் சுருக்கம் எவ்வளவு சூடேற்றினாலும் போகாது. அடுத்த பக்கத்துக்கு இடம் மாறும்.

படகில் ஏற்றிய பிறகு

செய்யுங்கள்: மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ், காய்ந்த துணி. இவ்வளவுதான் பராமரிப்பு.

செய்யாதீர்கள்: பிளீச், அசிட்டோன், தேய்த்தால் கறை போகும் வெள்ளை ஸ்பாஞ்ச் மூன்றும் மேற்பூச்சைத் தின்றுவிடும். கோடையில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் கொசுமருந்து அடிக்காமல் இருக்க முடியாது. அதில் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் இருந்தால் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடிக்காதீர்கள். டீட் வினைலை இளக்கிக் கறையாக்கும்.

செய்யாதீர்கள்: ஈரமான மெத்தைகளை உறைக்குள் போட்டு மூடி ஆறு மாதம் மறந்துவிடாதீர்கள். வெள்ளை வினைலில் ரோஜா நிறத்தில் படரும் கறை வெளியிலிருந்து வந்தது அல்ல. ஈர ஃபோமில் வளரும் நுண்ணுயிர் சுரக்கும் சாயம் உள்ளிருந்து ஊறி வருவது. தேய்த்தால் போகாது. அக்டோபரில் படகு கரையேறும் அன்றே மெத்தைகளைக் கழற்றி, நன்றாகக் காயவைத்து, வீட்டுக்குள் காற்றுப் படும் இடத்தில் நிறுத்தி வையுங்கள்.