ஒரே தேனீ, ஒரே கொட்டு: ஒருத்தருக்கு வெறும் வீக்கம், இன்னொருத்தருக்கு உயிராபத்து. ஏன்?

ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடுகிற மாசி, பங்குனி மாதங்கள்ல மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் போனீங்கன்னா, தோட்டத்துக்குத் தோட்டம் தேன் பெட்டிகள் வரிசையா இருக்கும். ரப்பர் தளிரோட இலைக்காம்புல ஊறுகிற தேனைத்தான் இந்தச் சமயத்துல தேனீக்கள் சேகரிக்குது. 1920-கள்ல மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுசீரமைப்பு மையம் கற்றுக்கொடுத்த இந்தத் தொழில், இன்னைக்குப் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேன் வரைக்கும் வளர்ந்திருக்கு.

பெட்டி திறந்து பழகினவங்கள்ல கொட்டு வாங்காதவங்க யாரும் இல்ல. பெரும்பாலானவங்களுக்குக் கொட்டின இடம் சிவக்கும், வீங்கும், கடுக்கும்; ஓரிரு நாள்ல வத்திடும். ஆனா சிலருக்கு அதே ஒரு கொட்டு, சில நிமிஷங்கள்ல உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சடைப்பு, மயக்கம்னு போயிடும். தேனீ ஒண்ணுதான், விஷமும் ஒண்ணுதான். வித்தியாசம் நம்ம உடம்புக்குள்ள இருக்கிற காவல் படையிலதான். அந்தக் காவல் எப்படி நடக்குது, எங்கே தடம் மாறுது, அப்போ நாம என்ன செய்யணும் என்பதை இந்தக் கட்டுரையில பார்க்கலாம்.

உடம்போட மூன்று காவல் கோடுகள்

முதல் கோடு வேலி. தோல், மூக்குச் சளி, கண்ணீர், வயிற்று அமிலம் எல்லாம் இதுல சேரும். பெரும்பாலான கிருமிகள் இந்த வேலியைத் தாண்டாது.

இரண்டாவது கோடு ரோந்துப் படை. கால்ல முள் குத்தினா, சில மணி நேரத்துல அந்த இடம் சிவந்து சூடாகுது இல்லையா? ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வந்து கிருமியை விழுங்குகிற அடையாளம் அது. சீழ் என்பது பெரும்பாலும் அந்தச் சண்டையில செத்த வெள்ளை அணுக்கள்தான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல டபிள்யூ.பி.சி.ன்னு போட்டிருக்கிற எண் இவற்றோட மொத்தக் கணக்கு. பெரியவங்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல ஏறக்குறைய 4,000-ல இருந்து 11,000 வரை இருக்கும்.

மூன்றாவது கோடு சிறப்புப் படை. டி செல், பி செல்னு இரண்டு வகை. பி செல்கள் ஒவ்வொரு எதிரிக்கும் அளவெடுத்த மாதிரி எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். டி செல்கள்ல ஒரு பிரிவு கிருமி புகுந்த செல்லை நேரடியா அழிக்கும். இன்னொரு பிரிவு மற்றவங்களுக்கு உத்தரவு கொடுக்கும். இந்தப் படை தயாராகச் சில நாள் ஆகும். ஆனா ஒரு தடவை பார்த்த எதிரியைப் பல வருஷம் மறக்காது.

அந்த நினைவைத்தான் தடுப்பூசி பயன்படுத்துது. நோய் வராமலே எதிரியோட சாயலை மட்டும் காட்டிப் படையைப் பழக்குது. நம்ம மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோட பகுதியா இருந்தப்பவே, 1879-ல அரசு ஊழியர், சிறைக்கைதிகள், மாணவர்களுக்கு அம்மைத் தடுப்பூசி கட்டாயம்னு அரச ஆணை வந்தது. பெரியம்மை இன்னைக்கு உலகத்துலயே இல்ல.

அடையாள அட்டை பார்க்கிற வேலை

எதிரியை அடிக்கிறதை விடக் கஷ்டமான வேலை ஒண்ணு இருக்கு: யார் நம்மாளு, யார் வெளியாளுன்னு சரியா கண்டுபிடிக்கிறது. உடம்புல இருக்கிற ஏறக்குறைய எல்லாச் செல்லும் தன் மேல ஒரு அடையாள அட்டை மாதிரி சில புரதங்களை வச்சிருக்கும். டி செல்கள் அதைப் பரிசோதிச்சுப் பார்த்துட்டே இருக்கும்.

இதுக்கான பயிற்சிக்கூடம், மார்பெலும்புக்குப் பின்னாடி இருக்கிற தைமஸ் சுரப்பி. அட்டையைப் படிக்கத் தெரியாத செல், சொந்த உடம்பையே தாக்கப் பார்க்கிற செல் இரண்டும் அங்கேயே கழிக்கப்படும். பயிற்சிக்குப் போகிற செல்கள்ல நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல தேறி வெளியே வர்றதில்ல. அப்படியும் தப்பி வர்ற சிலதை அடக்கி வைக்கத் தனியா ஒரு வகை டி செல் இருக்கு. அதைக் கண்டறிந்து விளக்கினதுக்காகத்தான் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூன்று பேருக்கும் 2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைச்சது.

ஆக, நல்ல எதிர்ப்பு சக்தின்னா பலம் மட்டும் இல்ல. அடிக்கவும் தெரியணும், அடங்கவும் தெரியணும். கோளாறு மூன்று விதமா வரும்.

கோளாறு 1: சாதாரண ஆளை எதிரின்னு நினைக்கிறது

இதுதான் ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. தேனீ விஷம் முதல் தடவை உள்ளே போனப்போ, சிலரோட உடம்பு அதுக்கு எதிரா ஐ.ஜி.இ. என்கிற எதிர்ப்பொருளைத் தயாரிச்சு, மாஸ்ட் செல்கள் மேல ஒட்டி வச்சிடும். வெளியே ஒண்ணும் தெரியாது. அடுத்த தடவை கொட்டும்போது அந்தச் செல்கள் எல்லாம் ஒரே நேரத்துல வெடிச்ச மாதிரி ஹிஸ்டமின் முதலான பொருட்களைக் கொட்டும். ரத்தக்குழாய் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும். இதுக்கு அனஃபிலாக்ஸிஸ்னு பேர்.

1902-ல பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் கடல் உயிரினங்களோட விஷத்தை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ இதைக் கவனிச்சாங்க. முதல் ஊசியைத் தாங்கின நாய், சில வாரம் கழிச்சுக் கொடுத்த மிகச் சின்ன அளவுக்கே செத்துப்போச்சு. ரிஷேவுக்கு இதுக்காக 1913-ல நோபல் பரிசு கிடைச்சது. நமக்கு இதுல ஒரு பாடம் இருக்கு: "போன தடவை கொட்டினப்போ எனக்கு ஒண்ணும் ஆகல" என்பது உத்தரவாதம் இல்ல. அடிக்கடி கொட்டு வாங்கிப் பழகின தேன் தொழிலாளிகளுக்குப் பெரும்பாலும் உடம்பு தாங்கிக்கும். எப்பவாவது கொட்டு வாங்குகிற அவங்க வீட்டு ஆட்கள்தான் கூடுதல் கவனமா இருக்கணும்.

கொட்டினா என்ன செய்யணும்?

• முதல்ல அந்த இடத்தை விட்டு நகருங்க. கொடுக்கு தோல்ல நின்னா, எந்த முறையிலாவது உடனே எடுத்துடுங்க. எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

• சோப்புத் தண்ணீர்ல கழுவி, துணியில சுத்தின ஐஸ் வையுங்க. சுண்ணாம்பு, மஞ்சள் தேடி நேரம் கடத்தாதீங்க.

• கொட்டின இடம் தவிர மற்ற இடத்துலயும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம் இவற்றுல எது வந்தாலும் உடனே 108.

• ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் படுக்க வச்சு, காலைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்க. மூச்சு திணறினா உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீங்க.

• இதுக்கு முதல் மருந்து, தொடையோட வெளிப்பக்கத் தசையில போடுகிற அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதுக்கு மாற்று இல்ல. ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம். அதனால டாக்டர் இருக்கச் சொல்ற வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே இருங்க.

• மலைத்தேனீயோ கடந்தையோ கூட்டமா கொட்டியிருந்தா, அலர்ஜி இல்லைன்னாலும் விஷத்தோட அளவே ஆபத்து. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

அலர்ஜி தேனீயோட நிக்கிறதில்ல. இறால், நண்டு, சில மருந்துகளும் இதே மாதிரி செய்யலாம். ரப்பர் பால்ல இருக்கிற புரதம் ஒத்துக்காதவங்களுக்கு ரப்பர் கையுறை, பலூன் பட்டாலே அரிப்பு வரலாம். அவங்கள்ல சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்காம போகும். ஏத்தம்பழமோ மட்டிப்பழமோ தின்னதும் வாய் அரிச்சா டாக்டர்கிட்ட இந்த விவரத்தைச் சொல்லுங்க, குறிப்பா ஆபரேஷனுக்கு முன்னாடி. அண்டி ஆபீஸ்ல தோடு உடைக்கிறவங்க கைக்கு வர்ற புண் வேற வகை. தோட்டு எண்ணெய் தோலை நேரடியா பொத்துப்போக வைக்கும். சிலருக்கு டி செல்கள் வழியா ஓரிரு நாள் கழிச்சு அரிப்பும் கொப்புளமும் வரும். தாமதமா வர்றதால காரணம் புரியாமலே போயிடும்.

கோளாறு 2: சொந்த வீட்டையே தாக்குறது

அடையாள அட்டையைத் தப்பா படிச்சா, படை நம்ம உறுப்பையே அடிக்கும். கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்களை அடிச்சா, குழந்தைகளுக்கு அதிகமா வர்ற முதல் வகைச் சர்க்கரை நோய். மூட்டை அடிச்சா முடக்குவாதம். தைராய்டை அடிச்சா தைராய்டு குறைபாடு. தோலோட நிறச் செல்களை அடிச்சா வெண்புள்ளி. இது யாருக்கும் தொத்தாது. தோல், மூட்டு, சிறுநீரகம்னு பல இடத்தைத் தாக்குகிற லூபஸ் நோயாளிகள்ல பத்துல ஒன்பது பேர் பெண்கள்.

குழந்தைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தா அலட்சியம் வேண்டாம்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம். ஒரு வகைத் தொண்டைக் கிருமியோட புரதம், இதய வால்வோட புரதம் மாதிரியே இருக்கும். கிருமியை அடிக்கப்போன படை வால்வையும் அடிச்சிடலாம். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டை வலியிலேயே சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தா இதைத் தடுக்கலாம்.

காலையில எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல கைவிரல் மூட்டுகள் விறைப்பா இருக்கிறது, வெயில் பட்டா முகத்துல சிவப்புத் தடிப்பு, காரணமில்லாத தொடர் காய்ச்சல், குழந்தைக்குத் திடீர்னு அதிக தாகமும் எடை குறைவும் – இவை வாரக்கணக்குல காத்திருக்க வேண்டிய விஷயம் இல்ல. குழந்தைக்கு அந்த அறிகுறி வந்தா அன்னைக்கே சர்க்கரை அளவைப் பார்க்கணும். சிகிச்சையில இருக்கிறவங்க ஸ்டீராய்டு மாத்திரையைத் தானா நிறுத்தவே கூடாது. வெளியில இருந்து வந்த மருந்துக்குப் பழகி, உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைச்சிருக்கும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தவும் கூடாது, வேற எதையும் மாற்றாக் கொடுக்கவும் கூடாது.

கோளாறு 3: படை பலமிழக்கிறது

இந்தியாவுல எச்.ஐ.வி. முதன்முதலா 1986-ல சென்னையிலதான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனோட வழிகாட்டுதல்ல ஆராய்ச்சி மாணவி நிர்மலா சேகரிச்ச ரத்த மாதிரிகள்ல அது தெரிய வந்தது. எச்.ஐ.வி. தாக்குறது உத்தரவு கொடுக்கிற டி செல்களை. தளபதி இல்லாத படை மாதிரி ஆகி, சாதாரணக் கிருமிகூட ஜெயிச்சிடும். 2004-ல அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கினது. தினமும் தவறாம சாப்பிடுறவங்க இன்னைக்கு வேலை, குடும்பம்னு முழு வாழ்க்கை வாழ முடியுது. சந்தேகம் இருந்தா 1097-க்குக் கூப்பிடலாம்.

புற்றுநோய் மருந்து, உறுப்பு மாற்று சிகிச்சை, கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை இவையும் எதிர்ப்பைக் குறைக்கும். இவங்களுக்குக் காய்ச்சல் வந்தா கடை மாத்திரையோட சமாளிக்காம அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

"சக்தியைக் கூட்டும்" பொடி பற்றி

வாட்ஸ்அப்ல வர்ற "பத்தே நாள்ல எதிர்ப்பு சக்தியை இரட்டிப்பாக்கும்" விளம்பரத்தை இப்போ நீங்களே எடை போடலாம். அலர்ஜிக்காரருக்கும் முடக்குவாதக்காரருக்கும் அவங்க படையைத் தூண்டுறது தேவையே இல்ல; அடக்குறதுதான் சிகிச்சை. மற்றவங்களுக்கு வேண்டியது தூக்கம், சரிவிகித உணவு, உடற்பயிற்சி, புகையிலை இல்லாத வாழ்க்கை, தடுப்பூசி. இவற்றுக்குப் பாக்கெட் கிடையாது.

உங்க போன்ல இன்னைக்கே செய்யுங்க

1. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் பகுதியில அவசரகாலத் தகவல்களைப் பதியலாம். ஐபோன்ல ஹெல்த் செயலியில மெடிக்கல் ஐடி இருக்கு. உங்க அலர்ஜி, சாப்பிடுற மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் மூன்றையும் எழுதுங்க. பூட்டின போன்லயும் தெரியிற மாதிரி அனுமதி கொடுங்க.

2. 108 அவசரத்துக்கு, 104 மருத்துவ ஆலோசனைக்கு. 108-ல பேசும்போது ஊர்ப்பேர் மட்டும் போதாது. பக்கத்து ஜங்ஷன், கோயில், சர்ச், பள்ளிவாசல், பள்ளிக்கூடம்னு அடையாளம் சொல்லுங்க. தோட்டத்துல சிக்னல் எங்கே கிடைக்கும்னு முன்கூட்டியே பார்த்து வையுங்க.

3. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்களைப் போட்டோ எடுத்துத் தனி ஃபோல்டர்ல போடுங்க. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, பழைய விவரம் உடனே கையில இருக்கும்.

4. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம். வருமானச் சான்றை இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். உங்க சிகிச்சை பட்டியல்ல இருக்கான்னு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ல கேட்டுக்கோங்க.

5. குழந்தையோட அடுத்த தடுப்பூசித் தேதியை போன் காலண்டர்ல நினைவூட்டலா வையுங்க. கிராம சுகாதார செவிலியரோட எண்ணையும் சேமிச்சு வையுங்க.

வீட்டுல யாருக்காவது ஒரு தடவை கடுமையான அலர்ஜி வந்திருந்தா, அந்தப் பொருளோட பேரை வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. குழந்தைன்னா பள்ளிக்கூடத்துலயும் எழுதிக் கொடுங்க. அடுத்த தடவை கைகொடுக்கப்போறது பக்கத்துல இருக்கிறவங்கதான்.